ஒரே குழல்

மார்ச் கடைசியில், காஸ்த்ரோ படகுத்துறையில்,
நீலப் பெட்டியோடு நிற்பாள் நர்ஸ் எதுவீனா.
"இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது,
எட்டைத் தாண்டவும் கூடாது. கேட்டதா, ஒனோஃப்ரே?"
பச்சைக் குழந்தையைத் தருவதுபோல் தருவாள்.
எஞ்சின் சூடு எட்டாத அணியத்தில்
என் மழைக்கோட்டைப் போர்த்தி வைப்பேன்.

பதினோரு வருடம் தீவு தீவாகச் சுமந்தேன்.
பதினோரு வருடமும் தோளைக் காட்டவில்லை.
ஜலதோஷத்துக்கு ஊசியா?
கடல்காரனுக்கு மூக்கு ஒழுகுவது
படகில் நீர் கசிவது மாதிரி.
இறைத்துக் கொட்டினால் போயிற்று.

போன ஜூலை வரை.

ஜலதோஷம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரும்.
தொண்டையில் ஒரு நாள் தங்கும், மூக்கில் ஒரு நாள்.
இது கதவை உடைத்தது.
பதினொரு மணிக்கு விசிலடித்தபடி
மட்டிக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன்.
பன்னிரண்டுக்கு, முதுகில் யாரோ
துடுப்பால் அடித்தது போலிருந்தது.
எலும்புக்குள் ஆணி பிடுங்கினார்கள்.
கண்ணை உருட்டினால் வலி. வறட்டு இருமல்.
அடுப்பருகே நின்றும் பல் தந்தியடித்தது.

அன்று தெல்மீரா வீட்டில் பன்றிக் கொழுப்பு உருக்கும் நாள்.
போகாவிட்டால் அவமானம்.
எங்கள் தீவில் உழைப்பு கைமாற்று,
காய்ச்சல் அதற்குச் சாக்கில்லை.

கொப்பரையைச் சுற்றிப் பத்துப் பேர்.
மாத்தே கிண்ணம் சுற்றி வந்தது,
ஒரே கிண்ணம், ஒரே வெள்ளிக் குழல்.
என்னிடமிருந்து தச்சன் லவுதாரோவுக்கு,
அவனிடமிருந்து தெல்மீராவுக்கு,
எட்டு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தவளுக்கு.
குழலைத் துடைத்துவிட்டுக் குடிப்பது
தந்தவன் முகத்தில் துப்புவதற்குச் சமம்.
உள்ளங்கையில் இருமினேன்.
அதே கையால் கிண்ணத்தை நீட்டினேன்.

நான்காம் இரவு, மழைக்குள் அவள் புருஷன் கதவைத் தட்டினான்.
நானே எழுந்து நிற்கத் தள்ளாடினேன்.
அவளுக்கு உதடு நீலம்.
மூச்சு, ஈர மரத்தில் மாட்டிக்கொண்ட ரம்பம்.
மூன்று மணி நேரக் கடல்.
ரேடியோவில் எதுவீனாவின் குரல்:
"படுக்க வைக்காதே. சாய்த்து உட்கார வை.
நிமிடத்துக்கு எத்தனை மூச்சு? எண்ணு."
எண்ணினேன்.
நாற்பதுக்கு மேல் எண்ணப் பயந்து
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

பிழைத்தாள்.
ஐந்து வாரம் முந்திக்கொண்ட மகனும்,
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, பிழைத்தான்.
யாரிடமிருந்து போயிருக்கும் என்று எதுவீனாவைக் கேட்டேன்.
"அந்த வாரம் தீவே இருமியது" என்றாள்.
பொய் பழகாதவள்.
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இந்த மார்ச்சில், பள்ளிக்கூட வராந்தாவில்,
முதல் ஆளாகச் சட்டைக் கையைச் சுருட்டினேன்.
எறும்புக் கடிதான்.
"போன வருடம் போட்டது போதாதா?" என்றான் லவுதாரோ.
"அது வருடா வருடம் வேறு பாய் கட்டி வருகிறதே."
"போட்டால் வரவே வராதா?"
"வரலாம். வந்தாலும் பெரும்பாலும் கவிழ்க்காது.
உடம்பு தயாராக இரண்டு வாரம் ஆகும்.
அதுவரை வீரம் காட்டாதே.
சுட்டால் வீட்டில் கிட."
ஒரு நாள் முழுக்கத் தோள் கனத்தது.
எதிர்காற்றில் துடுப்புப் போட்ட வலி, அவ்வளவே.
தெல்மீராவின் மகன் ஊசிக்கு அழவில்லை,
பஞ்சுக்கு அழுதான்.
அவனுக்கு நான்கு வாரம் கழித்து இன்னொன்று உண்டு.

சாயங்காலம் அவள் அடுப்பில் தண்ணீர் கொதித்தது.
பையிலிருந்து எடுத்து வைத்தேன்,
என் கிண்ணம், என் குழல்.
பேச்சு நின்றது.
லவுதாரோ தரைப் பலகையின் இடுக்கைப் பார்த்தான்.
பத்துத் தலைமுறையை அவமதித்தவன்போல்
காது எரிய நின்றேன்.

தெல்மீரா என் கிண்ணத்தை வாங்கி இலை போட்டாள்,
வெந்நீர் ஊற்றினாள், என் பக்கம் நகர்த்தினாள்.
பிறகு அலமாரியைத் திறந்து
தனக்கொரு கிண்ணம் தேட ஆரம்பித்தாள்.